முற்றம் இல்லாத வீட்டுக்கு ஒரு வெயிற்பெட்டி

இடம்பெயர்ந்த குடும்பங்கள் தாம் இழந்தவற்றைக் கணக்கிடும்போது வீடு, வயற்காணி, மாடு, தோணி, நகை என்று சொல்லிக்கொண்டு போவார்கள். முற்றத்தைச் சொல்பவர்கள் குறைவு. இழப்பீட்டுப் படிவங்களிலும் அதற்கென ஓர் இடத்தை நாம் கண்டதில்லை. ஆயினும் அறுத்த நெல்லின் ஈரம் போவது முற்றத்தில்தான். பழுத்த மிளகாய் செத்தலாவதும், பாகற்காய் வற்றலாவதும், தேங்காய் கொப்பராவாவதும், மீன் கருவாடாவதும் அங்கேதான். கூட்டித் துப்புரவாக்கிய, நாள் முழுவதும் வெயில் விழும் அந்த நிலம் ஒரு குடும்பத்தின் தொழிற்சாலை. அதற்கு வாடகையும் இல்லை, எரிபொருட் செலவும் இல்லை.

பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரையான அம்பாறைக் கரையோரத்தில் இந்த முற்றங்கள் ஒரு தடவையல்ல, பல தடவை பறிபோயின. 1990ஆம் ஆண்டின் வன்செயல்களில் தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் ஊர்விட்டு ஊர் ஓடின. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களின் கடலோரக் குடியிருப்புகள் தரைமட்டமாயின. கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் வீடு கட்டலாகாது என்று 2005இல் அரசு வரையறுத்தது. அவ்வரையறை பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் ஏற்கனவே வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் ஊர்களில் மாற்றுக் காணி எங்கே கிடைக்கும்? பல குடும்பங்கள் சில பேர்ச் நிலத்திலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியேறின. வீடு கிடைத்தது, முற்றம் கிடைக்கவில்லை.

இதனால் வருவது இடநெருக்கடி மாத்திரமன்று. உலர்த்த இடமில்லாதவர் விளைவித்ததை அன்றைக்கே விற்றாக வேண்டும். அறுவடை நாளில் எல்லோரிடமும் நெல் இருக்கும். கரைவலையில் நெத்தலி குவிந்த நாளில் எல்லோரிடமும் நெத்தலி இருக்கும். அந்த நாளில் வியாபாரி சொல்வதே விலை. நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுக்கலாம் என்றால், 14 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதன் உள்ள நெல்லை அங்கே ஏற்கமாட்டார்கள். வயலில் இருந்து வரும் நெல்லில் 20 சதவீதமும் அதற்கு மேலும் ஈரம் இருக்கும். எனவே தார் வீதியில் பரப்புகிறோம். வாகனம் ஏறி நெல் நொருங்குகிறது, கல் சேர்கிறது, ஆடு மாடு தின்கிறது, விபத்தும் நேர்கிறது.

சுருங்கச் சொன்னால், காத்திருக்கும் பலம் உலர்த்த இடம் உள்ளவருக்கே உண்டு. அந்தப் பலத்தில் ஒரு பங்கையாவது மீட்டுத் தரக்கூடிய ஒரு பெட்டியைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. பழைய தகரம், உடைந்த யன்னல், கிழிந்த வலை ஆகியவற்றைக் கொண்டு ஊர்த் தச்சரோ வீட்டிலுள்ளவர்களோ இதைச் செய்துகொள்ளலாம்.

குளிர் நாட்டில் பிறந்த பெட்டி

இது புதுக் கண்டுபிடிப்பு அன்று. 1767ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஹொரஸ் டி சோசூர் என்ற அறிஞர், கண்ணாடியால் மூடிய ஒரு பெட்டியை வெயிலில் வைத்து, அதன் உள்வெப்பம் நீரின் கொதிநிலையையும் தாண்டக்கூடும் என்று காட்டினார். 1881இல் அமெரிக்காவின் சேலம் நகரைச் சேர்ந்த எட்வேர்ட் மோர்ஸ், கண்ணாடிக்குப் பின்னால் கறுத்த பரப்பொன்றை வைத்து அறைக்காற்றைச் சூடாக்கும் அமைப்பு ஒன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். இன்றும் வட அமெரிக்காவில் பலர் வெறும் மென்பானப் பேணிகளுக்குக் கறுப்புப் பூசி, குழாய் போல அடுக்கி, மேலே கண்ணாடி பொருத்தி, குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடான காற்றைச் செலுத்துகிறார்கள்.

கல்முனை வெயிலில் அறையைச் சூடாக்கும் பெட்டி எதற்கு என்று நீங்கள் சிரிக்கலாம். சிரிப்பது நியாயமே. ஆனால் அதே பெட்டியின் வாயை அறைக்குள் திருப்பாமல், மீனும் மிளகாயும் பரப்பிய தட்டுகள் உள்ள ஒரு கூட்டுக்குள் திருப்பிவிடுங்கள். அது உலர்த்தியாகிவிடும்.

அதன் வேலை எளிமையானது. வெயில் கண்ணாடியையோ தெளிந்த பொலித்தீனையோ ஊடுருவி உள்ளே விழுகிறது. கறுப்புப் பூசிய தகரம் அதைக் குடித்துச் சூடாகிறது. தகரத்தைத் தடவிச் செல்லும் காற்றும் சூடாகிறது. சூடான காற்று இலேசானது, மேலே எழும். பெட்டி சாய்வாக இருப்பதால் அது மேல் முனையை நோக்கி ஏறி, கூட்டுக்குள் புகுந்து, தட்டுகளின் ஊடாகச் சென்று புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. அது விட்டுச் சென்ற இடத்தை நிரப்பக் கீழ்வாயால் புதுக்காற்று வருகிறது. விசிறி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த காலத்தை மறக்காதவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

வெப்பமா, காற்றா?

உலர்த்துவது வெப்பம் என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் ஈரத்தைச் சுமந்துகொண்டு போவது காற்று. காற்றை ஒரு சாக்குப் பை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் அந்தப் பையைப் பெரிதாக்குகிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 75 சதவீத ஈரப்பதன் கொண்ட கடற்கரைக் காற்று ஏறத்தாழ முக்கால் நிரம்பிய பை. அதற்குள் இன்னும் கொஞ்சமே அடங்கும். அதே காற்றை 45 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதன் ஏறத்தாழ 33 சதவீதமாகக் குறைகிறது. அதாவது பை மூன்றில் இரண்டு பங்கு வெறுமையாகிறது. மீனிலும் மிளகாயிலும் உள்ள நீரை அது ஆவலோடு ஏற்றுக்கொள்ளும்.

நிரம்பிய பை வெளியே போகாவிட்டால் அடுத்த பைக்கு இடமில்லை. நாம் பார்த்த உலர்த்திகளில் மிகுதியாகக் காணப்படும் குறை இதுவே. சூடு வீணாகிறதே என்று வெளிவாயைச் சிறிதாக்கிவிடுகிறார்கள், அல்லது அடைத்தே விடுகிறார்கள். அப்போது உள்ளே வெப்பம் ஏறும். கண்ணாடியில் நீர்த்துளி கோக்கும். மீன் உலராமல் அவியும். ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பது நெல் தூற்றுவோருக்குச் சொன்ன வார்த்தை. உலர்த்துவோருக்கும் அது பொருந்தும். கச்சான் வீசும் நாட்களில் வெளியே போட்டாலும் சரசரவென்று உலர்வது அந்தக் காற்றின் வறட்சியால்தான். இந்தப் பெட்டி, கச்சான் வீசாத நாளிலும் ஒரு சிறு கச்சானை வீட்டிலேயே உண்டாக்குகிறது எனலாம்.

தேவையான பொருட்கள்

1. எட்டு அடி நீளமான பழைய கூரைத் தகரம் ஒன்று. ஆங்காங்கே துரு பிடித்திருந்தாலும் பரவாயில்லை. தகரம் கிடைக்காவிட்டால் வெறும் பால்மாப் பேணிகளையும் மென்பானப் பேணிகளையும் வெட்டி விரித்து ஒரு சட்டத்தில் அறைந்து பயன்படுத்தலாம்.
2. பக்கங்களுக்கு 8 அங்குல அகலமான பலகைகள். சாமான் வந்த பலகைப் பெட்டி, உடைந்த கதவு, பழைய கட்டில் ஆகியவற்றில் எடுக்கலாம்.
3. அடித்தளத்துக்கு ஒட்டுப்பலகை அல்லது தட்டையான தகரம் இரண்டு தட்டு.
4. வெப்பம் கீழே போகாமல் தடுக்கத் தேங்காய்த் தும்பு அல்லது நன்கு உலர்ந்த உமி.
5. மேல்மூடிக்குப் பழைய யன்னல் கண்ணாடி அல்லது தடித்த, தெளிந்த பொலித்தீன்.
6. பளபளப்பில்லாத கறுப்புத் தீந்தை. பாடசாலைக் கரும்பலகைக்குப் பூசுவது மிக நல்லது.
7. தட்டுகளுக்கு மரச்சட்டமும் பழைய நைலோன் மீன்வலையும்.
8. வாய்களை மூட நுளம்பு வலைத் துண்டுகள்.
9. புகைபோக்கிக்கு, அடியும் மூடியும் நீக்கிய பெரிய பிஸ்கட் தகரங்கள் மூன்று நான்கு.
10. பொலித்தீனை இறுக்கிப் பிடிக்க, பழைய சைக்கிள் ரியூப்பைக் கிழித்த கீலங்கள், ஆணி, கயிறு.

பழைய பொருளெல்லாம் நல்ல பொருள் ஆகாது. பின்வருவனவற்றை எக்காரணம் கொண்டும் பயன்படுத்த வேண்டாம். உடைந்த அஸ்பெஸ்ரோஸ் கூரைத் தகடுகளை அறுப்பதாலும் உடைப்பதாலும் எழும் தூசி நுரையீரலுக்குக் கொடிய கேடு. கிருமிநாசினியும் களைநாசினியும் இருந்த தகரங்களும் பீப்பாய்களும் எத்தனை தடவை கழுவினாலும் உணவுக்கு அருகில் வைக்கத் தக்கவையல்ல. கறையானுக்கென்று கழிவு எண்ணெய் பூசிய பலகை வெப்பத்தில் மணத்தையும் நஞ்சையும் கக்கும். நாகம் பூசிய கம்பிவலையை உப்பிட்ட மீன் அரித்துவிடும், அந்த அரிப்பு மீனிலும் ஒட்டும். ஆகவேதான் தட்டுக்கு நைலோன் வலை என்றோம்.

செய்யும் முறை

முதலாவது, சூடாக்கும் பெட்டி. அடித்தட்டின் மேல் பக்கப் பலகைகளை நிறுத்தி, தகரம் உள்ளே சரியாகக் கிடக்கும் அளவுக்கு நீண்ட பெட்டி ஒன்றை அடித்துக்கொள்ளுங்கள். தகரத்தின் அகலம் ஏறத்தாழ இரண்டேகால் அடியாக இருக்கும். அடித்தட்டில் தும்பையோ உமியையோ 2 அங்குலத் தடிப்பில் பரப்பி, அதன் மேல் இரண்டாவது தட்டை வைத்து மூடுங்கள். அதிலிருந்து 2 அங்குலம் மேலே, சிறு கட்டைகளின் மீது கறுப்புப் பூசிய தகரத்தை வையுங்கள். தகரத்தின் நெளிவுகள் பெட்டியின் நீளவாக்கில் ஓட வேண்டும். தகரத்துக்கு மேலே 3 அங்குலம் விட்டு மூடியைப் பொருத்துங்கள். இப்போது தகரத்தின் மேலும் கீழும் காற்று ஓட வழியுண்டு. கீழ் முனையும் மேல் முனையும் திறந்தே இருக்க வேண்டும். கீழ் முனைக்கு நுளம்பு வலை அடியுங்கள்.

தீந்தை கிடைக்காதவர்கள் தகரம் இல்லாமலும் செய்யலாம். உட்தட்டின் மேல் உமிக்கரியைப் பரப்பிவிட்டால் அதுவே வெயிலைக் குடிக்கும் கறுப்புப் பரப்பாகிவிடும். ஆனால் கரித்தூள் காற்றோடு கிளம்பாதபடி மேல் முனையில் வலைத்துணி கட்ட வேண்டும்.

இரண்டாவது, உலர்த்தும் கூடு. இரண்டேகால் அடி அகலம், 2 அடி ஆழம், 3 அடி உயரமான அலுமாரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தின் அடியில் பெட்டியின் மேல் முனை வந்து பொருந்த வேண்டும். உள்ளே 6 அங்குல இடைவெளியில் நான்கு வலைத்தட்டுகள். மிகக் கீழான தட்டு, சூடான காற்று புகும் வாய்க்கு மேலே இருக்க வேண்டும். பின்பக்கத்தில் கதவு. சுவர்கள் பலகையாக இருப்பது நல்லது. நேர் வெயில் படாவிட்டால் மிளகாயின் சிவப்பும் முருங்கையிலையின் பச்சையும் மங்காது.

மூன்றாவது, புகைபோக்கி. பிஸ்கட் தகரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி 3 அடி உயரமாக்கி, வெளியே கறுப்புப் பூசி, கூட்டின் கூரையில் நிறுத்துங்கள். மழை விழாதிருக்க நான்கு விரல் இடைவெளி விட்டு ஒரு தொப்பி போடுங்கள். அந்த இடைவெளியைச் சுற்றி வலை கட்டுங்கள். ஒரு தகரக்குழாயின் வாய் பெட்டியின் கீழ்வாயை விட மிகச் சிறிதாக இருந்தால் இரண்டு குழாய்களை வையுங்கள். வெளிவாய் குறுகினால் எல்லா உழைப்பும் வீண்.

நான்காவது, கால்கள். பெட்டியின் கீழ் முனை தரையிலிருந்து ஓரடி, மேல் முனை மூன்றடி உயரத்தில் இருக்கட்டும். எறும்பு ஏறாதிருக்கக் கால்களைச் சாம்பல் இட்ட பேணிகளில் வையுங்கள். நீர் விட்டால் நுளம்பு பெருகும். கச்சான் காலத்தில் கயிற்றால் இழுத்துக் கட்டத் தவறாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் மூன்று நான்கு நாட்கள் வெறும் பெட்டியை வெயிலில் வையுங்கள். தீந்தை மணம் முற்றாகப் போன பின்பே உணவுப் பொருளை உள்ளே வைக்க வேண்டும்.

சாய்வும் திசையும்

வெளிநாட்டுக் கையேடுகளில் பெட்டியை 40, 50 பாகை நிமிர்த்தி வைக்கும்படி எழுதியிருப்பார்கள். அது அவர்களது சாய்ந்த சூரியனுக்கு. கல்முனை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழரைப் பாகை அளவில்தான் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரமளவிலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகற் சூரியன் எமது தலைக்கு நேர் மேலே நிற்கும். ஆகவே மேற்சொன்ன 15 பாகைச் சாய்வு போதும். மழைநீர் வடியவும் காற்று ஏறவும் அந்த அளவு தேவை. அதற்கு மேல் நிமிர்த்தினால் வெயில் குறையும்.

ஒக்டோபர் முதல் மார்ச் வரை கீழ்முனை தெற்கு நோக்கியிருக்கட்டும். மே முதல் ஓகஸ்ட் வரை வடக்கு நோக்கித் திருப்பி வையுங்கள். இடைப்பட்ட ஏப்ரலிலும் செப்டெம்பரிலும் எப்பக்கம் இருந்தாலும் பெரிய வேறுபாடில்லை. அக்காலத்தில் காற்று வரும் பக்கம் கீழ்வாயைத் திருப்புவதே நன்மை. ஆகையால் பெட்டியையும் கூட்டையும் கழற்றி மாட்டக்கூடியதாகச் செய்துகொள்ளுங்கள்.

சரிபார்க்கும் விதம்

நண்பகல் வேளையில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கீழ்வாயருகே பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டுப் போனால் பெட்டி மூச்சு விடுகிறது. புகை தயங்கி நின்றால் எங்கோ அடைப்பு உண்டு, அல்லது மூடியின் ஓரங்களால் காற்றுக் கசிகிறது. பொருள் வைத்த பின் புகைபோக்கியின் மேல் கையைப் பிடித்துப் பாருங்கள். ஈரமான இளஞ்சூட்டுக் காற்று வந்தால் வேலை நடக்கிறது. காய்ந்த சுடுகாற்று வந்தால் பொருள் உலர்ந்துவிட்டது, அல்லது இன்னும் வைக்க இடமிருக்கிறது.

ஒரு வெப்பமானி கிடைத்தால் கீழ்த்தட்டில் வையுங்கள். 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் நல்லது. 50ஐத் தாண்டினால் மூடியின் ஓரத்தைச் சற்று உயர்த்தியோ வெளிவாயைப் பெரிதாக்கியோ குறையுங்கள்.

எவ்வளவு உலரும்?

இதில் மிகைப்படுத்திச் சொல்வது உங்களுக்குச் செய்யும் துரோகம். எனவே கணக்காகவே பார்ப்போம். எட்டடிக்கு இரண்டேகால் அடி என்றால் 18 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 1.7 சதுர மீற்றர். எமது வரண்ட வலயத்தில் நல்ல வெயில் நாளொன்றில் இத்தகைய எளிய பெட்டி இரண்டரை முதல் மூன்று கிலோ வரை நீரை வெளியேற்றும் என்று எதிர்பார்க்கலாம்.

பழுத்த மிளகாய் 10 கிலோவில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ செத்தல் மிஞ்சும். மீதி ஏழரைக் கிலோவும் நீர். ஆகவே அதற்கு மூன்று நாட்கள். துப்புரவாக்கி உப்பிட்ட மீன் 10 கிலோவுக்கும் அவ்வாறே இரண்டு மூன்று நாட்கள். நெல் 50 கிலோ மூடை ஒன்றை 22 சதவீத ஈரத்திலிருந்து 14 சதவீதத்துக்குக் கொண்டுவர நான்கரைக் கிலோவுக்கு மேல் நீர் போக வேண்டும். அதற்கு இரண்டு நாட்கள். ஓர் ஏக்கர் நெல்லை இப்பெட்டியில் உலர்த்த முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும். விதைநெல்லுக்கு இது போதும். விற்பனை நெல்லுக்கு வேறு வழி உண்டு. அதைப் பின்னர் சொல்வோம்.

கருவாடு

மீனை வெட்டிக் குடல், பூ நீக்கிக் கழுவி, மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்ற கணக்கில் இட்டு ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் மேலிருக்கும் உப்பை அலசி நீர் வடிந்த பின் தட்டில் ஒன்றோடொன்று படாமல் பரப்புங்கள். முதல் நாள் வெப்பத்தைக் குறைவாகவும் காற்றோட்டத்தை மிகுதியாகவும் வைத்திருப்பது முக்கியம். தொடக்கத்திலேயே கடுஞ்சூடு பட்டால் மேற்பரப்பு இறுகி ஓடு போலாகிவிடும். உள்ளே ஈரம் சிறைப்பட்டு மீன் பழுதாகும்.

கருவாட்டின் முதல் எதிரி இலையான். 1970களில் வங்காளதேசத்தில் பீற்றர் டோ என்ற ஆய்வாளரும் அவரது சகாக்களும் பொலித்தீனால் மூடிய கூடாரமொன்றில் மீன் உலர்த்திப் பார்த்தார்கள். ஒருபுறம் தெளிந்த பொலித்தீன், மறுபுறம் கறுப்புப் பொலித்தீன், நடுவே பரண். உள்ளே வெப்பம் 45 பாகையைத் தாண்டும்போது இலையான் புழுக்கள் மடிவதை அவர்கள் கண்டார்கள். வலை அடித்த எமது பெட்டிக்குள் இலையான் புகவும் முடியாது. எனவே கருவாட்டின் மீது பூச்சிநாசினி தெளிக்கும் பேச்சுக்கே இடமில்லை. அப்படித் தெளித்த கருவாட்டை வாங்கித் தின்பவருக்கு நாம் நஞ்சை விற்றவர்களாவோம்.

மிளகாயும் மரக்கறியும்

மிளகாயைத் தெரிந்து, அழுகியதையும் பூச்சி தின்றதையும் நீக்கிவிட்டு வையுங்கள். மழைத்தூறலில் நனைந்து நனைந்து உலரும் மிளகாயில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணங்களில் சில அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. அது ஈரலைக் கெடுப்பது. சமைப்பதால் அது போய்விடாது. கறுத்த, பூசணம் பிடித்த செத்தலை ‘இடித்தால் தெரியாது’ என்று தூளில் சேர்ப்பது பிள்ளைகளின் கறிச்சட்டியில் நஞ்சைச் சேர்ப்பதாகும். உலர்ந்த செத்தலைக் குலுக்கினால் விதை கலகலவென்று ஒலிக்க வேண்டும்.

பாகற்காய், கத்தரி, மாங்காய், மோர்மிளகாய் ஆகியவற்றைச் சம தடிப்பில் வெட்டிப் பரப்பினால் எல்லாம் ஒருமிக்க உலரும். தட்டுகளை நாளுக்கு ஒரு தடவை கீழ்மேலாக மாற்றுங்கள். உலர்ந்த பொருளைச் சூட்டோடு பையில் கட்டினால் உள்ளே வியர்க்கும். ஆறவிட்டுக் காற்றுப் புகாத பேணியில் அடையுங்கள்.

விதைநெல்

விதைநெல்லுக்கு 43 பாகைக்கு மேல் வெப்பம் ஆகாது. முளைக்கும் சக்தி குறையும். தட்டில் இரண்டு அங்குலத்துக்கு மேல் பரப்பாமல் இடையிடையே கிளறிவிடுங்கள்.

ஈரம் போதிய அளவு குறைந்ததா என்று அறியக் கருவி வேண்டியதில்லை. நன்கு காய்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்குக்கு நெல்லை இட்டு, வறுத்து ஆறிய உப்பு இரண்டு மூன்று கரண்டி சேர்த்து, மூடி ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். கால் மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். உப்பு போத்தலின் சுவரில் ஒட்டியிருந்தால் நெல்லில் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் உண்டு. இன்னும் உலர்த்த வேண்டும். உப்பு ஒட்டாமல் அடியில் விழுந்தால் சேமிக்கும் நிலையை நெருங்கிவிட்டது. நெல் வாங்க வருபவர் ‘ஈரம், விலை குறையும்’ என்று சொல்லும்போது அவர் முன்னிலையிலேயே இதைச் செய்து காட்டலாம்.

பலர் சேர்ந்தால்

விற்பனை நெல்லுக்கு வழி உண்டு என்றோம். 1970களின் பிற்பகுதியில் தாய்லாந்தின் ஆசியத் தொழில்நுட்ப நிறுவகத்தில் எக்செல் என்ற ஆய்வாளரும் சகாக்களும் சிறு விவசாயிகளுக்கென நெல் உலர்த்தி ஒன்றை உருவாக்கினார்கள். மூங்கிற் சட்டத்தின் மேல் தெளிந்த பொலித்தீன். கீழே தரையில் பரப்பிய உமிக்கரி. அங்கே சூடாகும் காற்று, துளைகள் உள்ள பரணில் நான்கு அங்குல அளவில் பரப்பிய நெல்லின் ஊடாக ஏறி, கறுப்புப் பொலித்தீன் சுற்றிய உயரமான புகைபோக்கியால் வெளியேறும். எமது பெட்டியின் தத்துவமே அது, அளவுதான் பெரிது. உமியும் கரியும் சம்மாந்துறை, அக்கரைப்பற்று அரிசி ஆலைகளைச் சுற்றிக் கிடைக்கும் பொருட்களே. ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, பள்ளிவாசல், கோயில், பாடசாலை வளவுகளில் ஒரு மூலையைக் கேட்டுப் பெற்று இதை அமைக்கலாம்.

மாடி வீடுகளில் வாழ்வோர் மொட்டைமாடியில் இரண்டு மூன்று பெட்டிகளைப் பொதுவாக வைத்து முறை போட்டுப் பயன்படுத்தலாம். யாருடைய மீன், யாருடைய மிளகாய் என்ற சச்சரவு வராதிருக்கத் தட்டுகளுக்கு இலக்கமிட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மீனுக்கும் மிளகாய்க்கும் ஒரே பெட்டியை ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டாம், மணம் பிடிக்கும்.

பராமரிப்பு

சாதாரண பொலித்தீன் கடும் வெயிலில் ஒரு போகத்தோடு பொரிந்து கிழியும்; ஆண்டுக்கொரு தடவை மாற்ற ஆயத்தமாயிருங்கள். கண்ணாடி கிடைத்தவர்கள் அதையே போடுங்கள். அது வெப்பத்தைப் பொலித்தீனை விட நன்றாகத் தேக்கும், பல ஆண்டு நிற்கும். தூசி படிந்த மூடி வெயிலைத் திருடும்; காலையில் ஒரு தடவை துடையுங்கள். பொழுதுபட்டதும் கீழ்வாயையும் புகைபோக்கியையும் மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் பகலில் போன ஈரம் இரவுப் பனியோடு திரும்பி வரும்.

மாரியில், நவம்பர் முதல் ஜனவரி வரை, பெட்டியை நம்பி அதிகம் வெட்டிவிடாதீர்கள். வெயில் இல்லாத நாளில் இது வெறும் அலுமாரி. பாதி உலர்ந்த மீனோடு மழை பிடித்துக்கொண்டால் மீண்டும் உப்பில் இட்டு வெயில் வரும்வரை காத்து வையுங்கள். உள்ளே விளக்கோ மண்ணெண்ணெய் அடுப்போ வைத்துச் சூடாக்க முனைய வேண்டாம். பொலித்தீனும் காய்ந்த பலகையும் நொடியில் பற்றும்.

பெட்டி எதைத் தரும், எதைத் தராது

இந்தப் பெட்டி பறிபோன காணியைத் தராது. ‘உங்களுக்குத்தான் உலர்த்தி கொடுத்துவிட்டோமே’ என்று சொல்லிக் காணிக் கோப்பை எவரும் மூடிவைக்க இடம் கொடாதீர்கள். உறுதிப் பத்திரம், அனுமதிப்பத்திரம், கிராம சேவையாளரின் கடிதம், பழைய பசளை மானியப் பற்றுச்சீட்டு ஆகிய எதுவானாலும் பத்திரப்படுத்தி, பிரதேச செயலகத்தில் உங்கள் கோரிக்கையைத் தொடர்ந்து முன்வையுங்கள்.

பெட்டி தருவது வேறு. நெத்தலி மலிந்த நாளில் அதைக் கேட்ட விலைக்குக் கொட்டிவிடாமல், ஒரு பங்கையாவது வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மிளகாய் விலை விழுந்த கிழமையில் பறித்ததைச் செத்தலாக்கி, விலை ஏறும் மாதம் வரை பேணியில் அடைத்து வைக்கலாம். அடுத்த போகத்துக்கு விதைநெல்லைக் கடனுக்கு வாங்காமல் சொந்தமாக வைத்திருக்கலாம். இவை சிறிய காரியங்கள். ஆனால் இன்றைக்கே விற்றாக வேண்டும் என்ற நிலையிலிருந்து, நாளைக்கும் விற்கலாம் என்ற நிலைக்கு ஒரு குடும்பம் நகர்வது சிறிய காரியமன்று.

முதலில் ஒரு தெருவுக்கு ஒரு பெட்டி செய்யுங்கள். செய்தவர் அடுத்த வீட்டாருக்கு அளவுகளைக் காட்டிக் கொடுங்கள். உங்கள் இடத்துக்கு ஏற்ப நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம், தகரத்துக்குப் பதில் பேணி வைக்கலாம், பலகைக்குப் பதில் மண்சுவர் எழுப்பலாம். வெளிவாயை மட்டும் ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள்.